சுருக்கமாகச் சொல்லும் ஹெர்பர்ட்

எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், சுவரில் மாட்டியிருக்கும் படைப்புக்கும் பார்க்க வந்தவருக்கும் நடுவே ஓர் உருவம் நிற்கும். அதுதான் விளக்கவுரையாளர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எப்படி? படைப்பையே மறைத்துக்கொண்டல்லவா நிற்கிறார்!

பெங்களூர் பிரேசர் டவுன் ஹெர்பர்ட் இந்த இனத்தில் முதல் தரம். கைகளைப் பின்னால் கட்டி, ஓரடி பின்வாங்கி, கண்ணை இடுக்கி, பக்கத்தில் யாராவது வந்து சிக்கும்வரை முனகிக்கொண்டிருந்துவிட்டு, சிக்கியதும் "சுருக்கமா சொல்லணும்னா..." என்று ஆரம்பிப்பார். அது சுருக்கமாக முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. கலைஞர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரே வாழ்க்கைதான்: இளமையில் வறுமை, நடுவயதில் காதல் தோல்வி, கடைசியில் கவனிப்பாரற்ற சாவு. சாகாத கலைஞரை அவருக்குப் பிடிக்காது.

ஸ்பெயின் நாட்டுக் காட்டலோனியாவைச் சேர்ந்த நெசவுக் கலைஞர் ரோசெர், வாழ்நாளெல்லாம் சணலிலும் கம்பளியிலும் நெய்த ஆளுயரச் சுவர்த்தொங்கல்கள் பெங்களூருக்கு வந்தன. தமிழ்ச் சங்கச் செயலாளர் குணசேகர், பல வருடக் கெஞ்சலுக்கு இரங்கி, தொடக்க விழா அறிமுக உரையை ஹெர்பர்ட்டுக்குக் கொடுத்தார். முதல் மைக்! சொதப்பினால் அதுவே கடைசி மைக்.

"இன்விடேஷனையாவது படிச்சீங்களா?" என்றார் மனைவி மௌரீன்.

"அது கேக்க வர்றவங்களுக்கு. நான் பேசப் போறவன்."

விழாவுக்கு முன் ஓர் ஒத்திகை வேண்டாமா? வடைத் தட்டும் கையுமாக, சிவப்புத் தொங்கல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள் வசமாகச் சிக்கினார். சிவப்புக்கு நடுவே ஓடிய சாம்பல் பட்டையைக் காட்டி, ஹெர்பர்ட் ஆங்கிலத்தில் பொழிந்தார். காதலன் கைவிட்ட வருடமாம் அது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று அந்த அம்மாள் கேட்டார்.

கலைஞர் வறுமையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லி ஹெர்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். அம்மாள் வடையை மெல்வதை நிறுத்தினார்.

குணசேகர் ஓடிவந்தார். "சார், சீஃப் கெஸ்ட்டை இங்க பிடிச்சு வச்சிருக்கீங்களா? ரோசெர் மேடம், ஸ்டேஜுக்கு வாங்க!"

ஹெர்பர்ட் சுவரோரமாக நழுவப் பார்த்தார். ரோசெர் அவர் தோளைத் தட்டி, மெதுவாகச் சொன்னார்: அன்றைக்குச் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது, கடை மூடியிருந்தது, கையில் இருந்தது சாம்பல் நூல். கைவிட்டதாகச் சொன்ன அந்தக் காதலன், வாசலில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஹெர்பர்ட் மேடையேறி மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் மௌரீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"சுருக்கமா சொல்லணும்னா... இவங்க ரோசெர். சிவப்பு நூல் தீர்ந்துட்டா சாம்பல் நூல்ல நெய்வாங்க. நல்லா இருக்காங்க."

உட்கார்ந்துவிட்டார். அரங்கமே கைதட்டியது. இவ்வளவு நல்ல அறிமுக உரையைச் சங்கம் கேட்டதே இல்லை என்று குணசேகர் அடுத்த விழாவுக்கும் அவரையே போட்டுவிட்டார்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒருவரைப் பிடித்து நிறுத்தியிருந்தார். "அந்தச் சிவப்பு நூல் ஏன் தீர்ந்துச்சு தெரியுமா? வறுமை!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளைக்கே எங்காவது ஒரு சுவர்த்தொங்கலைப் பார்த்தால், "காட்டலோனியாவுல ஒரு அம்மா, ஒருநாள் நூல் தீர்ந்துபோய்..." என்று நீங்கள் ஆரம்பிக்க மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எதற்கும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறது.