சிறகி அடித்த சீட்டி

காட்டூர்,
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் ஜமால் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை அப்துல் ரஹீம் ஸலாத்துடன் எழுதுவது. இங்கே அல்லாஹ் கிருபையால் என் சர்க்கரை அளவைத் தவிர அனைத்தும் நலம். மணப்பாறையில் உங்கள் முட்டிவலி குறைய துஆச் செய்கிறேன். போனில் பேசினால் உங்கள் தங்கை சுராயா காதில் விழும் என்பதால் கடிதம். நாலு நாளாக அவள் என்னுடன் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். மழையில் எங்கள் காலனிப் பூங்காக் குளம் நிரம்பி, சிறகி என்ற காட்டு வாத்து வந்து இறங்கியது. முதலில் ஒரு ஜோடி, இப்போது நாற்பது. குடும்பக் கட்டுப்பாடுங்கிற பேச்சே அதுங்க கிட்ட கிடையாது. மத்த வாத்து மாதிரி கத்தவும் கத்தாது, தரை டிக்கெட் ரசிகன் மாதிரி சீட்டியடிக்கும். அதுல ஒண்ணு, நான் தினம் உக்கார்ற பெஞ்சுக்கு மேலே மரப்பொந்துல முட்டை வச்சிருச்சு. வாக்கிங் போற பெண்கள் கடந்தா மேலேருந்து சீட்டி வரும். திரும்பிப் பாத்தா கீழே நான் ஒருத்தன், அறுபத்தேழு வயசு, கட்டுப்பல்லோட. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அற்புதம்மாள் டீச்சர் பூங்கா சங்கத்துல புகார் எழுதிக் கொடுத்துட்டாங்க. அது சுராயா காதுக்கும் போயிருச்சு, அன்னிலேருந்துதான் பேச்சில்ல. வாத்துதான்னு சொன்னேன். சங்கத் தலைவர் அழகிரி, "மாட்டிக்கிட்டா எல்லாரும் வாத்துன்னுதான் சொல்லுவாங்க பாய்" என்றார்.

முந்தாநாள் காலையில பெஞ்சடியில விசாரணை. அழகிரி ஒரு முழு முறுக்கை என் வாயில திணிச்சு, மெல்லாம நிக்கச் சொன்னார். டீச்சர் நடந்தாங்க. சீட்டி வந்துச்சு. எல்லாரும் என் வாயைப் பாத்தாங்க, முறுக்கு அப்படியே இருக்கு. மறுபடி நடந்தாங்க, மறுபடி சீட்டி. மூணாவது தடவை டீச்சர் கொஞ்சம் நிதானமாவே நடந்த மாதிரி எனக்குத் தோணுச்சு, அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்பத்தான் பொந்துலேருந்து ஒரு குஞ்சு குதிச்சு, அழகிரியோட வழுக்கையில விழுந்து எகிறி, புல்லுல நின்னுச்சு. பின்னாடியே இன்னும் ஒன்பது. தாய் முன்னால போக, வரிசையா குளத்துக்கு நடந்துச்சுங்க. டீச்சர் என் முகத்தைப் பாக்காம, "மன்னிச்சிடுங்க பாய்"னாங்க. முறுக்கோட என்னத்தப் பதில் சொல்றது, தலையாட்டினேன்.

சங்கத்துக்காரங்க உடனே 'இங்கு சீட்டியடிப்பது வாத்து'ன்னு போர்டு வச்சிட்டாங்க. இப்ப அரியமங்கலத்துலேருந்தெல்லாம் ஆளுங்க வந்து அந்தப் போர்டுக்கடியில தைரியமா சீட்டியடிக்கிறாங்க. ஊரே என்னை நம்பியாச்சு, சுராயா மட்டும் இன்னும் டீயை டமால்னு வச்சிட்டுப் போறா. ஞாயித்துக்கிழமை அவசியம் வந்து, மாப்பிள்ளை நிரபராதின்னு உங்க தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லுங்க மச்சான்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் ரப்பு சுகத்தையும், என் வீட்டாருக்குக் கொஞ்சம் பேச்சையும் தந்தருள்வானாக.

இப்படிக்கு,
அப்துல் ரஹீம்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள சுராயா இதை எடுத்துப் படிச்சிட்டா. "வாத்துன்னு எனக்கு முதல் நாளே தெரியும். அப்படிச் சீட்டியடிக்க உங்களுக்கு எங்க தெம்பு இருக்கு? நான் பேசாதது வேற விஷயத்துக்கு"ன்னா. என்ன விஷயம்னு கேட்டேன். அதுகூடத் தெரியலையான்னு மறுபடியும் பேச்சை நிறுத்திட்டா. ஞாயிறு வர வேண்டாம். என்ன விஷயம்னு உங்களுக்குத் தெரிஞ்சா மட்டும் உடனே எழுதவும்.