பத்து விரலிலும் தேர்தல் மை

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சில்வர் நைட்ரேட்டைப் பழுப்புப் புட்டியில் வைப்பது ஏன் என்ற கேள்விக்கு, ‘வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும்’ என்று எழுதாத பிள்ளைகளின் மதிப்பெண்ணை இரக்கமில்லாமல் வெட்டியிருக்கிறேன். அதே சில்வர் நைட்ரேட் கலந்த மையை இரண்டு கையிலும் அப்பிக்கொண்டு, உத்திரமேரூர் வெயிலில், மொட்டை மாடியில், ‘காய்ந்தால் போய்விடும்’ என்று கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தவனும் நான்தான். (பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்க வேண்டாம். ரிசல்ட் எப்போதோ வந்துவிட்டது.)

சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்தல். ஐயங்கார்குளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு ட்யூட்டி. வருகிறவர்களின் விரலில் மை வைக்கும் வேலை. பயிற்சி வகுப்பில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: மைப் புட்டி சாயாமல் இருக்க, ஒரு கப்பில் மணலை நிரப்பி அதில் புட்டியை நட்டு வைக்க வேண்டும். கப் அவர்களே கொடுப்பார்கள், மணல் நாம் அள்ளிக்கொள்ள வேண்டும். முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வாங்கியவன் விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் குந்திக்கொண்டு மணல் அள்ளுவதா என்று எனக்குள் ஒரு கௌரவம் எழுந்தது. புட்டியை மேஜைமேல் வெறுமனே வைத்தேன். (எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டில், தேர்தலில் யார் யார் நிற்கக்கூடாது என்று நீளமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் மை வைக்கக்கூடாது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.)

அதோடு, தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையையும் அன்றைக்கே எடுத்துப் போட்டிருந்தேன். பத்திரிகை போட்டோக்காரர் வருவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வந்தார். நூறு வயதை நெருங்கிய ஒரு பெரியவர் விரலை நீட்ட, கேமரா தூக்கப்பட்டது. நான் பெரியவரை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். முழங்கை பட்டுப் புட்டி சாய்ந்தது. இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தேன். புட்டி கீழே விழவில்லை, உள்ளே இருந்தது முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. அடுத்து யோசிக்காமல் இரண்டு கையையும் சட்டையில் துடைத்தேன். நல்லவேளையாக இன்னொரு புட்டி கொடுத்திருந்தார்கள். அந்தப் பூத்தில் ஜனநாயகம் பிழைத்தது. நான் பிழைக்கவில்லை.

குழாயடியில் கழுவியபோது மை வெளிறிய ஊதாவாகத்தான் தெரிந்தது. சோப்பு போட்டால் போய்விடும் என்ற தைரியத்தில், பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு மறுநாள் விடிந்தபின் வீட்டுக்கு வந்தேன்.

“இன்னாடா இது, கையி கத்திரிக்கா கலர்ல கீது?” என்றார் அம்மா. “நாளைக்கி தட்டு மாத்தணும்டா.”

அதுதான் சிக்கல். அப்பா காலமாகிவிட்டதால், மாப்பிள்ளையின் அப்பாவோடு நிச்சயதார்த்தத் தட்டு மாற்ற வேண்டியவன் நான். அவர் காவாந்தண்டலத்தில் பயிர் வைக்கிறவர், ஒரு கட்சிக்கு பூத் ஏஜென்ட்டும்கூட. பெண்ணை ஒரு முறை பார்ப்பார், பெண்ணின் அண்ணன் தம்பிகளை ஒன்பது முறை விசாரிப்பார் என்று பெயர். இதற்கு முன் ஒரு சம்பந்தத்தை, பெண்ணின் தாய்மாமன் சீட்டாடுகிறான் என்று கேள்விப்பட்டு வாசலிலேயே முறித்துக்கொண்டவர். என் தங்கை மாலாவுக்கோ அந்தப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

எலுமிச்சம்பழம் தேய்த்து வெயில் காட்டினால் எந்தக் கறையும் போகும் என்றார் அம்மா. கையிலும் சட்டையிலும் தேய்த்தேன். சட்டையைக் கொடியில் போட்டேன், பக்கத்தில் நானும் காய்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து பார்த்தால் ஊதா கரிக்கறுப்பாகியிருந்தது. சட்டையின் வயிற்றுப் பகுதியில், யாரோ என்னை நெட்டித் தள்ளியதுபோல இரண்டு கறுப்புக் கைகள் பதிந்திருந்தன. பழுப்புப் புட்டி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அதன்பின் நான் தேய்க்காத பொருள் அந்த வீட்டில் இல்லை. பற்பசை, புளி, புளித்த தயிர், ஷாம்பு, சானிடைசர். கடைசியில் மஞ்சள் போட்டோம். கறுப்பு போகவில்லை, பாசி பிடித்தாற்போல் ஒரு பச்சை கூடுதலாகச் சேர்ந்தது. கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் பாயிடம் போய் நகப்பாலிஷ் ரிமூவர் கேட்டேன்.

“தங்கச்சிக்கா சார்?”

“எனக்குத்தான்.”

பாய் என் கையைப் பார்த்தார். பிறகு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பெரிய பாட்டிலா எடுத்துக்கோங்க சார். வெளிய யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

அதுவும் பலிக்கவில்லை. மாலாதான் வழி கண்டுபிடித்தாள். “ணா, முழுக்கை சட்டை போட்டுக்கோ. வெரலெல்லாம் தட்டுக்கு அடியில. கட்டவெரல் மேல வெத்தல. யார் கூடவும் கை குடுக்காத. வணக்கமும் சொல்லாத, தல ஆட்டு.”

மறுநாள், வந்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினேன். (பையனின் அத்தை, “பாவம், பேச்சு வராதா?” என்று அம்மாவிடம் விசாரித்தாராம்.) முகூர்த்த நேரம் வந்தது. பட்டுப்புடவை, பழம், பாக்கு எல்லாம் குவித்த தட்டைத் தூக்கி நீட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா கையை நீட்டினார். மின்விசிறிக் காற்றுக்கு வெற்றிலை பறந்தது.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “கொஞ்சம் இரு வாத்தியாரே. தட்ட வெச்சிட்டு கைய திருப்பு.”

திருப்பினேன்.

“எங்க பூத்துல ஒருத்தன் ரெண்டாவது ஓட்டு போட வந்தான்னு பொழுதனிக்கும் சண்ட போட்டவன் நானு. நீ பத்து வெரல்லயும் மை வெச்சிக்கினு வந்து எனக்கே தட்டு நீட்டற.”

“மாமா, அது சில்வர் நைட்ரேட். புற ஊதாக் கதிர் பட்டால்...”

“அதெல்லாம் பிள்ளைங்களுக்கு சொல்லு. எத்தினி ஓட்டு, யாருக்கு, அத்த மட்டும் சொல்லு.”

அவருடைய தம்பி வெளியே போய் வேன் டிரைவரைத் தேடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எனக்கு வேதியியல் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அதுவரை தலை குனிந்து நின்றிருந்த மாலா நிமிர்ந்தாள். “மாமா, அது ட்யூட்டில மை கொட்டிக்கினது. எங்கண்ணன் பூத்துக்கு போயி ஓட்டே போடல. ட்யூட்டில கீறவங்களுக்கு தபால் ஓட்டு.”

“தபால்ல போட்டாரு இல்ல?”

“போட்டாரு. கவர்ல வெக்க வேண்டிய உறுதிமொழி பேப்பர டிவி மேலயே வெச்சிட்டு அனுப்பிட்டாரு. காலைல தூசி தட்டசொல்ல பாத்தேன். அது இல்லாட்டி ஓட்டு செல்லாதாம், எண்ணவே மாட்டாங்களாம்.”

எனக்கே அது அப்போதுதான் தெரியும். “என்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“விசேஷம் முடியட்டும்னு இருந்தேன்.”

மாப்பிள்ளையின் அப்பா என் பத்து விரலையும் நிதானமாகப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தன் உறவுக்காரர்கள் பக்கம் திரும்பி, “இவ்ளோ மை கீது, ஒரு ஓட்டு கூட இல்ல,” என்றார். “அண்ணன்காரன்னு கூட பாக்காம பொண்ணு உள்ளத சொல்லுது பாரு. தட்ட எடு வாத்தியாரே.” தம்பியை வேனிலிருந்து இறங்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

கைத்தோல் உரிந்து பழைய நிறம் வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. சட்டை என் பைக்கைத் துடைக்கப் பயன்படுகிறது. மாலா காவாந்தண்டலத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். அந்த வீட்டில் எந்த முக்கியமான விஷயம் என்றாலும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். போன மாதம், மாலாவின் மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பேச்சு. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இத்தனை வருட ஆசிரியன் என்ற முறையில் நானும் தொண்டையைச் செருமினேன்.

“அப்பா, மச்சான் இன்னாவோ சொல்ல வர்றாரு,” என்றார் மாப்பிள்ளை.

“சொல்லட்டும்பா,” என்றார் அவருடைய அப்பா. “எண்ணவா போறோம்.”