கர்னலுக்குப் பிடித்த திட்டு

இந்திய ராணுவத்தின் மனநிலையைக் கர்னல் அளவுக்கு அறிந்தவர் ராணுவத்திலேயே கிடையாது. இத்தனைக்கும் அவர் அதில் ஒருநாள்கூட இருந்ததில்லை. ஆள் எடுப்பில் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கர்னல் என்பது ஊர் கொடுத்த பதவி. திருப்பத்தூரிலிருந்து நெல்லிவாசலுக்கு ஷேர் ஜீப் ஓட்டினார். நான் மலைப் பள்ளிக்கூட வாத்தியார். வாராவாரம் அந்த ஜீப்பில் குலுங்கியவன்.

லீவில் வரும் சிப்பாய்க்கு எப்போதும் முன்சீட்டு. முதல் கொண்டை ஊசி வளைவுக்குள் கர்னல் விசாரணையைத் தொடங்கிவிடுவார்.

“இன்னா தம்பி, வேலை எப்படி இருக்குது?”

“அட போங்கண்ணா. ரொட்டியா அது? செருப்பு.”

கர்னலுக்கு முகம் மலர்ந்துவிடும். “பாத்தீங்களா சார், சந்தோசமா இருக்கான்.”

அவர் கணக்கு எளிமையானது. திட்டுகிறவன் வேலையில் ஒட்டிக்கொண்டான். எல்லாம் நல்லாயிருக்கு என்கிறவன் கிளம்பப் போகிறான். “முன்னெல்லாம் குளிரைத் திட்டுவாங்க சார். இப்ப சிக்னல் இல்லன்னு திட்றாங்க. மத்தபடி ராணுவம் நல்லாத்தான் இருக்குது” என்று எனக்கு அவ்வப்போது நிலவரம் சொல்வார். ஒருமுறை, “நம்ம பள்ளிக்கூடம் அருமை” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“மாத்தல் கேட்டுட்டீங்களா சார்?” என்றார்.

கேட்டிருந்தேன்.

சோதனை அவர் வீட்டிலேயே வந்தது. சிப்பாயாகச் சேர்ந்த மகன் முதல் லீவில் வந்தான். ரொட்டி? “நல்லாருக்குது நைனா.” ஆபீசர்? “தங்கமான மனுசன்.” கர்னலுக்குச் சோறு இறங்கவில்லை.

“புள்ள வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துருவான் சார். எனக்குக் கிடைக்காத வேலை சார் அது” என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

லீவு முடிந்து மகன் கிளம்பிய அன்று நானும் ஜீப்பில் இருந்தேன். மலை இறங்கும்வரை கர்னல் தூண்டில் போட்டுக்கொண்டே வந்தார்.

“குளிரு?”

“பரவால்ல.”

“சிக்னலு?”

“ஃபுல்லா இருக்குது.”

எனக்கே பாவமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பெட்டியை இறக்கிய மகன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“எங்க யூனிட் டிரைவர் இருக்கான் பாரு நைனா, உன்னவிட மோசமா ஓட்றான். எலும்பெல்லாம் போச்சு. எவன்தான் அவனுக்கு லைசென்ஸ் குடுத்தானோ.”

கர்னல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். பஸ் போன பிறகு கேட்டார்.

“திட்டினான் இல்ல சார்?”

“நல்லாவே திட்டினான்.”

மாற்றல் கிடைத்து நான் இப்போது கீழே வேலை பார்க்கிறேன். கர்னல், உங்கள் ஜீப்பில் சீட்டு சரியில்லை. பிரேக் சரியில்லை. உங்கள் வாய் ஓயவே ஓயாது. என் இடுப்பு இன்னும் வலிக்கிறது.