சுந்தரியின் காதில் பூத்த தாமரை

பூனையை வணங்கிய பேரரசுகள் உண்டாம். பூனையின் சருமத்துக்காக அவசரக் கூட்டம் கூட்டிய பெருமையோ, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் எங்கள் குடியேற்றத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்கே உரியது. நான் அதன் காரியதரிசி.

சுந்தரி எங்கள் களஞ்சியத்துப் பூனை. விதைநெல்லை எலியிடமிருந்து காத்த ஒரே 'உத்தியோகத்தர்'. கூட்டங்களில் தலைவர் தில்லைநாதனின் மடியில், அவருடைய சால்வைக்குள் சுருண்டு கிடந்து சங்கத்தை நடத்த உதவுவாள்.

ஒருநாள், குளத்தில் பூக்கவேண்டிய தாமரை சுந்தரியின் காதில் பூத்தது. மயிர் கொட்டி, வட்டமாக, பொருக்குத் தட்டிய படர்தாமரை. சங்கத்தின் 'நற்பெயர்' கருதி அவளைச் சாக்கில் கட்டி முள்ளிவாய்க்கால் கடற்கரையில் விட்டுவிடலாம் என்று அவசரக் கூட்டத்தில் சொன்னார் தலைவர். அங்கே மீனாவது கிடைக்கும் என்பது அவருடைய கருணை. சுந்தரிக்கு நாளும் சோறு வைக்கும் பக்கத்து வளவுக் கமலாசனி குறுக்கே நின்றார். பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மிருக வைத்தியர் வந்து பார்க்கும்வரை கீழே விடமாட்டேன் என்றார்.

வவுனியாவிலிருந்து வைத்தியர் மயில்வாகனம் வந்தார். பூனையைத் தனியே வைக்கச் சொன்னார். வட்டத்தைச் சுற்றி மயிரை வெட்டிக் களிம்பு பூசவேண்டும். படுத்த சாக்கை எரித்து, கொட்டிய மயிரைக் கூட்டி அள்ளி, துணிகளை அவித்து வெயிலில் போடவேண்டும். காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், மயிர் முளைக்கும்வரை மருந்தை நிறுத்தக்கூடாது. நக்காதிருக்கக் கழுத்தில் மட்டை கட்டினார். எங்கள் சங்கத்தில் கொலர் அணிந்த முதல் ஜீவன் அவள்தான்.

இவற்றையெல்லாம் நாங்கள் கைதட்டி ஏற்றோம். வைத்தியர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பூனையைத் தொட்ட ஆக்களும் உடம்பைக் காட்டவேணும்," என்றார். "இது பூனையிட்ட இருந்து மனிசருக்கும் தொத்தும், மனிசரிட்ட இருந்து பூனைக்கும் தொத்தும். ஒரு பக்கம் மட்டும் மருந்து பூசினால் திரும்ப வரும்."

தலைவர் சால்வையை இழுத்துப் போர்த்தார். "எனக்கிருக்கிறது வேர்க்குரு," என்றார். "பொறுப்பான பதவியின்ர சூடு."

அந்த விளக்கம் எங்களுக்குப் பூரண திருப்தி அளித்தது. எங்களில் பலருக்கும் அதே பொறுப்பு இருந்தது.

வைத்தியர் சொன்னபடியெல்லாம் கமலாசனி செய்தார். தன் கையில் தோன்றிய வட்டத்துக்கும் ஒளிக்காமல் களிம்பு பூசினார். சுந்தரி பட்டுப்போல மயிர் முளைத்துக் களஞ்சியத்துக்குத் திரும்பினாள். மறுகூட்டத்தில் தலைவர் அவளை மடியில் ஏற்றிப் பாராட்டினார். அடுத்த மாதம் தாமரை சுந்தரியின் முதுகில் பூத்தது. கமலாசனி அவளை மீண்டும் தூக்கிப்போய் மறுபடி சுகப்படுத்தினார். இம்முறை திருப்பி அனுப்பவில்லை.

எலிகள் விதைநெல்லைத் தின்னத் தொடங்கின. விதைக்கும் போகம் நெருங்கியது. தலைவர் எங்களோடு கமலாசனியின் வாசலுக்குப் போய், பூனை சங்கத்தின் சொத்து என்று அறிவித்தார்.

கமலாசனி குரலை உயர்த்தவில்லை. "தாறன் ஐயா. முதல்ல சால்வையைக் கழட்டி மருந்து பூசுங்கோ. உங்கட மடியில இருந்துதான் அதுக்குத் திரும்பத் திரும்ப வருது."

தலைவர் இதைக் கூட்டத்தில் ஆராய்வதாகச் சொன்னார். ஆராய்ந்தோம். சுந்தரி என்றொரு பூனை சங்கத்துக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார். களஞ்சியத்தில் எலிகள் நெல் கொறிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, எல்லோரும் ஆதரித்துக் கை உயர்த்தினார்கள்.

ஒரு கையைத்தான். மற்றக் கை சொறிந்துகொண்டிருந்தது.