கெட்ட நீர் இறக்கும் குண்டான்

அடடா, என்ன மகிமை, என்ன மகிமை! விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் கால் வீங்கியவர்களெல்லாம் கிளியனூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் நீர்வாங்கிச் சித்தர் எழுந்தருளியிருந்தார். அவர் மந்திரித்துக் கொடுக்கும் மஞ்சளைக் காலில் பூசிக்கொண்டு, குண்டானில் இருக்கும் தெளிந்த தண்ணீருக்குள் காலை வைத்தால் போதும். தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்துவிடும். உடம்பிலிருந்த கெட்ட நீர் இறங்கிவிட்டதாம். வீக்கம் மட்டும் இறங்காது. அதற்கு நமக்கு நம்பிக்கை போதவில்லையாம்!

பிரபாவதிக்கு வயிறு எரிந்தது. அவள் புருஷன் விருத்தாசலம் மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தனியாளாய்த் தூக்கிய மனுஷன். இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இதயம் பலவீனம் என்று சேர்த்துத் தேற்றி, மாத்திரைப் பையைக் கையில் திணித்து அனுப்பினார்கள். எந்த மாத்திரை எதற்கு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. சித்தரோ பக்கத்தில் உட்காரவைத்து ஆற அமரப் பேசினார். "மாத்திரைய நிறுத்திடு. தீர்த்தத்த சொம்பு சொம்பா குடி." விருத்தாசலம் அப்படியே செய்தான். கால் இன்னும் வீங்கியது.

"யோவ், செத்துப்பூடுவய்யா! ஆஸ்பத்திரிக்கு வாய்யா" என்று அழுதாள்.

"சாமி கண்ணெதிர்ல கெட்ட நீர எடுக்கறாரு. டாக்டரு இன்னா எடுத்தாரு? எக்ஸ்ரேதான் எடுத்தாரு!"

பிரபாவதி தன் தம்பி தென்னரசுவுக்குப் போன் போட்டாள். விபத்தில் ஒரு கால் போய், செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை நடத்துகிறவன். அவன் சிரித்தான். "மாமாவ இட்டுக்கினு வாக்கா. நானும் சாமிகிட்ட கால காட்டறேன்."

தென்னரசு வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். முறை வந்ததும் ரப்பர்ப் பாதத்தில் மஞ்சளைப் பூசிக் குண்டானுக்குள் விட்டான். தண்ணீர் சிவந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தருக்குக் குனிந்து காலைப் பார்க்கும் வழக்கமில்லை. மகான்கள் மேலேதான் பார்ப்பார்கள்.

"பத்து வருஷத்துக் கெட்ட நீரு! இப்ப வலி கீதா?"

"துளிகூட இல்லீங்க சாமி."

"எப்டி இருக்கும்? நரம்பு நரம்பா சுத்தம் பண்ணிட்டேனே!"

"அப்ப நீங்களே வெச்சுக்கங்க" என்று தென்னரசு காலைக் கழற்றிச் சித்தர் மடியில் வைத்தான்.

கொட்டகையே எழுந்து எட்டிப் பார்த்தது. வரிசையில் நின்ற பாஞ்சாலி மட்டும், "ரப்பர் கால்லயே கெட்ட நீர எடுத்துட்டாரே, இன்னா சக்தி!" என்று கும்பிட்டாள். இந்த வியாதிக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை.

பிரபாவதி குண்டானில் விரலை விட்டு முகர்ந்தாள். "சுண்ணாம்புத் தண்ணி! மஞ்சள் பட்டா செவக்காம இன்னா பண்ணும்? அடப்பாவி, இது ஆரத்திடா!"

அங்கிருந்த பெண்களில் கல்யாணத்துக்கு ஆரத்தி கரைக்காதவள் ஒருத்தி உண்டா? வீட்டில் கரைத்தால் ஆரத்தி, சாமியார் கரைத்தால் அற்புதம்! சித்தர் மடியிலிருந்த காலைத் தள்ளிவிட்டுப் பின்பக்கமாய் ஓடினார்.

விருத்தாசலம் மூச்சு வாங்கினான். "ஏமாந்துட்டேன் பிரபா. ஜல்தியா ஆட்டோ கூப்புடு."

நல்லவேளை, அதே ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் உயிர் தங்கியது. இந்த முறை வீட்டுக்கு அனுப்பும் முன் நர்ஸ் அமல்ராணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதயம் சரியா பம்ப் பண்ணலீங்க. அதான் தண்ணி உடம்புல தங்குது. இந்த மாத்திரை அத ஒண்ணுக்குல வெளியேத்தும். நிறுத்தவே கூடாது. உப்பக் கொறைங்க, தண்ணிய அளந்து குடிங்க. தெனம் காலைல எடை பாருங்க. சட்டுனு ஏறிச்சுன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க ஏம்மா குண்டான்ல கால வுடப் போறோம்?" என்றாள் பிரபாவதி.

நர்ஸ் தலைகுனிந்தாள். "தப்புதாங்க. இப்பல்லாம் புரியவெக்காம யாரையும் அனுப்பறதில்ல."

சரிதான். ஆஸ்பத்திரி வாய் திறக்காத ஊரில்தான் சாமியார் கடை திறக்கிறான். ஓடிப்போனவன் இந்நேரம் வேறெங்கோ குண்டானைக் கழுவிக்கொண்டிருப்பான். ஐயா, அம்மா, காலை விடும் முன் ஒருமுறை மூக்கை விட்டுப் பாருங்கள். மூக்குக்கு மேலே இன்னொன்றும் இருக்கிறது, அதையும் கொஞ்சம் வேலை வாங்குங்கள்!