காரணம்: சாம்பார்

சமைக்கத் தெரியாது என்பதை இருபத்து நான்கு வயது வரை நான் ஒரு தகுதி போலத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மாவும் இரண்டு அண்ணிகளும் இருப்பார்கள். நான் எட்டிப் பார்த்தால், "நீ போய்ப் படி" என்று விரட்டிவிடுவார்கள். படித்தேன். மருந்தாளுநர் ஆனேன். அரசு வேலையும் கிடைத்தது, கல்வராயன் மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஆணையைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க உனுக்கு யாரு சோறு போடுவாங்க?" என்பதுதான். நான் சிரித்தேன். (அதற்கப்புறம் ரொம்ப நாள் சிரிக்கவில்லை.)

சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையலறையும் கொண்ட குடியிருப்பு எனக்கு. மதியம் இரண்டு மணிக்கு நோயாளிகள் கலைந்துவிடுவார்கள். டாக்டர் தன் குடும்பத்தைப் பார்க்கப் போவார், நர்ஸ் சாந்தி அக்கா தன் வீட்டுக்காரரையும் ஆடுகளையும் பார்க்கப் போவார். நான் போய்ப் பார்க்க ஒரு துடைப்பமும், எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன பழைய காலண்டரும்தான் இருந்தன. ரோட்டோர டீக்கடையில் காலையில் இட்லி, மற்ற நேரம் பன். பேச ஆளில்லாமல் மருந்துப் பெட்டிகளில் அச்சடித்திருப்பதைச் சத்தமாகப் படிப்பேன். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று நானே சொல்லி, நானே தலையாட்டிக்கொள்வேன்.

மூன்று மாதம் பன் தின்ற பிறகு கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப்போய் ஓர் அடுப்புக் கடைக்குள் நுழைந்தேன். ஓர் அடுப்பு கேட்டேன். கடைக்காரர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமாங்க. மலை மேல."

அவர் உள்ளே போய்ப் பெரிய பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு கேஸ் பர்னர், பக்கத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு மின்சாரத் தட்டு, மேலே கண்ணாடி.

"கேஸ் தீந்துபோச்சா, கரண்டு இருக்கு. கரண்டு போச்சா, கேஸ் இருக்கு. ரெண்டுல ஒண்ணு எப்பவும் உங்க கூடவே இருக்கும்ங்க."

எப்பவும் கூடவே இருக்கும் என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. வாங்கிவிட்டேன்.

மலைக்குப் போகும் பஸ்ஸில் பெட்டிக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒரு சீட்டு. "இன்னாம்மா இது, டிவியா?" என்று கண்டக்டர் கேட்டார். ஒரு கெத்துக்காகப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். விளைவு, அன்று சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பெண்கள் நான்கு பேர் குழந்தைகளோடு டிவி பார்க்க வந்துவிட்டார்கள். அடுப்பைச் சுற்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மெதுவாக, "இதுல படம் எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பாவமாகப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அடுத்த முறை நிஜமாகவே டிவி வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுப்போடு வந்த விளக்கப் புத்தகத்தை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்தேன். உத்தரவாத அட்டையை முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பித் தபாலில் போட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று தொடங்கியது. அந்த மலைக்கு என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. (தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.)

கேஸ் சிலிண்டரை ஜீப் டிரைவர் முருகேசன் அண்ணன் கீழேயிருந்து ஏற்றிவந்து கொடுத்தார். ரெகுலேட்டரைப் பொருத்தி, கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தது புத்தகம். நான் குழாய், ரெகுலேட்டர், சிலிண்டர், சுவர் எல்லாவற்றுக்கும் தடவினேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை முழ நீளத்துக்கு நீட்டி, திருகைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடினேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாந்தி அக்கா ஓடிவந்து திருகை மூடினார்.

"மொதல்ல குச்சிய கொளுத்து. அப்புறம் திருகு. நீ போற, கூட என்னையும் இட்டுக்கினு போற."

கேஸ் படிந்துவிட்டது. மின்சாரத் தட்டுதான் படியவில்லை. அதன் பிளக் தடித்த மூன்று கால் பிளக். என் சமையலறையில் இருந்ததோ பல்பு எரிக்கும் சின்னத் துளைகள். அந்த வளாகத்திலேயே பெரிய துளை இருந்தது ஒரே ஒரு பலகையில்தான். மருந்தறையில், தடுப்பூசிகள் வைக்கும் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில். அதில் ஒரு துளையில் குளிர்பெட்டி, இன்னொன்று சும்மா இருந்தது.

அந்தக் குளிர்பெட்டிக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால், நான்தான். தினமும் காலையும் மாலையும் அதன் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. வேறு யாராவது அந்தத் துளையில் கைவைத்திருந்தால் நானே கத்தியிருப்பேன். ஆனால் மருந்தறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருந்தன, நடுவில் ஒரு கொய்யா மரம். நீளமான வயரோடு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிவந்து, கொய்யாக் கிளை மேல் போட்டு இழுத்துவிட்டேன். தட்டு சிவந்தது. பால் பொங்கியது. விஞ்ஞானி ஆகாமல் மருந்தாளுநர் ஆகிவிட்டேனே என்றுகூட வருந்தினேன்.

பால் காய்ச்சியதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கோ என் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஓர் அரசு விடுமுறை நாளில் டாக்டர், சாந்தி அக்கா, முருகேசன் அண்ணன், துப்புரவு வேலை பார்க்கும் பொன்னம்மா அக்கா நாலு பேரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். டாக்டருக்கும் சாந்தி அக்காவுக்கும் எப்படியும் அன்று வேலை இருந்தது, மறுநாள் தடுப்பூசி நாள். தூரத்துக் குக்கிராமங்களிலிருந்து தாய்மார்கள் விடியும் முன்பே கைக்குழந்தைகளோடு நடந்து வருவார்கள்.

காலை ஒன்பது மணிக்கு மூன்று அடுப்பையும் ஒரே நேரத்தில் ஏற்றினேன். கேஸில் சோறும் பொரியலும், மின்சாரத் தட்டை முழு வேகத்தில் திருகி அதன் மேல் சாம்பார். அரை மணி நேரத்தில் தட்டு குளிர்ந்துவிட்டது. கரண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மலையில் அது போகாத நாள் ஏது? கடைக்காரரை மனதார வாழ்த்தி, சாம்பாரைக் கேஸுக்கு மாற்றினேன். தலைக்கு மேல் பல்பைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஐந்து தட்டுகளைக் கழுவித் தரையில் வரிசையாக வைத்தேன். அப்போது ஜன்னல் வழியாகச் சாந்தி அக்காவின் குரல் கேட்டது.

"ஏம்மா, இங்க வா. பொட்டி லைட்டு எரியல. ஆனா வராண்டாவுல ஃபேன் ஓடிக்கினு இருக்கு."

ஓடினேன். குளிர்பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை. மூன்று மணி நேரம். மூடியைத் திறந்து உள்ளே வெப்பமானியைப் பார்க்கப் போனேன். சாந்தி அக்கா என்னைத் தள்ளிவிட்டுப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"தொறக்காத. தொறந்தா இருக்கிற குளிரும் பூடும். கரண்டு வர்ற வரைக்கும் நா எறங்க மாட்டேன்."

டாக்டர் வந்தார். அந்தப் பலகைக்கு மட்டும் பீஸ் போயிருக்கிறது என்று தெரிந்தது. மனித உடம்பில் எந்த நரம்பு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், சுவருக்குள் தெரியாது. லைன்மேனைக் கூட்டிவர முருகேசன் அண்ணனை ஜீப்பில் அனுப்பினார். லைன்மேன் விடுமுறைக்கு வேறு ஊரில் இருந்ததால் இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் என் விருந்தாளிகள் குளிர்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் யாரையும் பார்க்காமல், "நாளைக்கு எத்தன மைல் நடந்து வருவாங்க. இன்னா சொல்லி அனுப்பறது?" என்றார்.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "அணில் கடிச்சிருக்கும் டாக்டர்."

லைன்மேனிடமும் அணில் என்றே சொன்னேன். அவர் பீஸ் கட்டையை உருவிக் கருகலைப் பார்த்தார். பிறகு பலகையிலிருந்து போகும் வயரைப் பார்த்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா அணிலுங்க, ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் வச்சிக்கினு இருக்குது?"

முதலில் பீஸைக் கட்டினார். பெட்டி உறுமத் தொடங்கியது. அப்புறம் வயரைக் கையால் தடவிக்கொண்டே வெளியே போனார். கொய்யா மரத்தைச் சுற்றி, என் வாசல் வழியாக, என் சமையலறைக்குள். அவர் பின்னால் டாக்டர், அவர் பின்னால் முருகேசன் அண்ணன், பொன்னம்மா அக்கா, பெட்டியை விட்டு இறங்கிய சாந்தி அக்கா. நான் கூப்பிட்ட எல்லோரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தரையில் ஐந்து தட்டு. அடுப்பின் மேல் மூடிவைத்த சாம்பார். டாக்டர் பிளக்கைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார்.

"பதிவேட்ட எடுத்துக்கினு வாங்க" என்றார்.

எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தோம். வெப்பமானி ஆறு டிகிரி காட்டியது. எட்டு வரை போகலாம். பெட்டியின் உள்சுவரில் உறைந்திருந்த பனி என்னைவிடப் பொறுப்பாக நடந்துகொண்டிருந்தது. பொன்னம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதிவேட்டில் மின்தடை நேரத்தை எழுதினேன். கடைசிக் கட்டத்தில் "காரணம்" என்று இருந்தது.

"இன்னா எழுதறது டாக்டர்?"

"நடந்தத எழுதுங்க."

எழுதினேன். "மருந்தாளுநர் வீட்டில் சாம்பார் வைத்ததால்." டாக்டர் படித்துவிட்டு, சிரிக்காமல், கீழே கையெழுத்துப் போட்டார்.

நாலு மணி ஆகியிருந்தது. அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது சாந்தி அக்கா மட்டும் திரும்பிப் பார்த்தார், ஆனால் நிற்கவில்லை. நான் நாலு தட்டை எடுத்துக் கவிழ்த்துவிட்டு ஐந்தாவதில் போட்டுச் சாப்பிட்டேன். சாம்பார் அநியாயத்துக்கு நன்றாக இருந்தது. அதற்கு முன்பும் அப்படி அமைந்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு வீறிட்ட ஒவ்வொரு குழந்தையும் என்னைப் பார்த்தே திட்டுவது போல இருந்தது. திட்டட்டும் என்று நின்றேன். அத்தனை பேருக்கும் ஊசி கிடைத்ததே.

ஐந்தாறு மாதம் கழித்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, சத்தமாகவே படித்தார். என் காது இரண்டும் கொதித்தன. தண்டனை என்னவோ என்று காத்திருந்தேன்.

"சாம்பார் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

டாக்டரைப் பார்த்தார், சாந்தி அக்காவைப் பார்த்தார், முருகேசன் அண்ணனைப் பார்த்தார். அறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

"நல்லா இருந்துச்சு சார்" என்றேன், நான் மட்டும். அவர் எச்சரிக்கை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாந்தி அக்கா கூப்பிடாமலே வந்தார். கையில் அவர் வீட்டுத் தட்டு. "போடு, பாப்போம்" என்று சப்பணமிட்டு உட்கார்ந்தார். அன்று வைத்த சாம்பார் புளித்த தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது கள்ளக்குறிச்சியில் சொந்த வீடு, வீட்டுக்காரர், ஒரு மகள். சமையலும் ஓரளவு வருகிறது. வீட்டுக்காரர் இந்தக் கதையை எந்தக் கல்யாணப் பந்தியிலும் விட்டுவைப்பதில்லை. கரண்டு போனால் எங்கள் வீட்டில் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. இருட்டுக்குள்ளிருந்து மகள் குரல்தான் முதலில் வரும்.

"அம்மா, சாம்பாரா?"

சென்ற மாதம் அவளும் வேலை கிடைத்துச் சென்னைக்குத் தனியாகப் போய்விட்டாள். நேற்று போன் செய்தாள். புதுக் கரண்டு அடுப்பு வாங்கினாளாம், போட்டதும் அறையில் பீஸ் போய்விட்டதாம்.

"எத்தன பேர சாப்பிடக் கூப்ட்ட?" என்று கேட்டேன்.

"யாரையும் கூப்பிடலம்மா" என்றாள்.

நாளைக் காலைப் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.