ஆஃப் சார் போட்ட கால்வாசிச் சட்டம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, பிணத்தோடு மின்சாரத்துக்காகச் சண்டை பிடித்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஊர் ஆஃப் சார்.

பெரியவர் ஒருவர் இறந்து குளிர்பெட்டியில் கிடந்தார். அடக்கத்துக்கு நேரமாகி, போதகரும் வந்துவிட்டார். துக்கம் கேட்க வந்த சார் மாலையை வைத்தார், ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார், இன்னும் கொஞ்சம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

மூத்த மகன் ஓடிவந்தான். “சாரே, என்ன காட்டுதிய?”

“இப்பம் எடுக்கப் போற ஆளுக்கு என்னத்துக்குலே இத்தன குளிரு? உயிரோட கெடக்கச்சில ஒரு ஃபேன் வாங்கிப் போட்டியா நீ?”

போதகர் அவசரமாக வேதபுத்தகத்தைத் திறந்தார்.

அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்த காலத்திலேயே சாருக்கு இந்தக் குணம் உண்டு. ஒருநாள் மாலை எல்லா விளக்கையும் அணைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மேலதிகாரி உள்ளே கழிவறையில் இருந்தார். மறுநாள் விளக்கம் கேட்டார்கள். “உள்ளே வேலை எதுவும் நடப்பதற்கான அறிகுறி தெரியவில்லை” என்று சார் எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு முழு ஊரும் அவருக்கு அலுவலகமாயிற்று. கல்யாண வீட்டின் சீரியல் பல்பு, கோயிலின் பகல் விளக்கு, கடைக்காரரின் தலைக்கு மேல் ஓடும் ஃபேன் என எதுவும் அவர் கைக்குத் தப்பவில்லை. ஊர் சிரித்து, எதையும் ‘ஆஃப்’ செய்பவர் என்று அவருக்கு ஆஃப் சார் எனப் பெயர் வைத்தது.

போன கோடையில் ஊருக்கு அவர் திடீரென்று தேவைப்பட்டார். தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் டிரான்ஸ்ஃபார்மர் பாரம் தாங்காமல் படுத்துக்கொண்டிருந்தது. குடியிருப்போர் சங்கம் கூடியது. தலைவர் ஒரு கான்டிராக்டர். அவர் வீட்டில் மட்டும் நான்கு ஏசி. சார் எழுந்து ஒரு யோசனை சொன்னார். மாலை நேரத்தில் ஒவ்வொரு வீடும் தான் எரிப்பதில் கால்வாசியைக் குறைக்க வேண்டும். குறைக்காதவர் பெயர் வாட்ஸ்அப் குழுவில் வரும். கூட்டம் கைதட்டியது. சிரிப்பில்லாத கைதட்டல் அவருக்கு அதுதான் முதல் தடவை. மீட்டர் பார்க்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

தலைவர், யாரும் படுக்காத விருந்தினர் அறையின் ஏசியை அணைத்தார். நான்கில் ஒன்று குறைந்தது, சட்டம் நிறைவேறியது.

பிறகு சார் தன் எதிர்வீட்டுக்குப் போனார். தகரக் கூரை போட்ட வீடு. லீலாவின் கணவர் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடப்பவர். அந்த வீட்டில் இருப்பது ஒரு பல்பு, ஒரு ஃபேன், அவர் முதுகு புண்ணாகாதபடி காற்று மெத்தையை ஊதிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன மோட்டார். ஃபேன் நின்றிருந்தது. லீலா காலண்டர் அட்டையால் கணவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“ஃபேன் கேடாச்சா?”

“இல்ல சாரே. நிங்கதானே கால்வாசி குறைக்கச் சொன்னிய? மோட்டாரை நிறுத்தினா இவியளுக்க முதுகு பொட்டும். லைட்டை அணைச்சா மூத்திரப் பை நெறஞ்சது தெரியாது. பின்ன ஃபேன்தானே உண்டு.”

வியர்வையில் நனைந்து கிடந்த கணவர் சிரித்தார். “சாரே, போதாதுன்னா என்னையும் அணைச்சுப் போடுங்க.”

அன்று சார் மீட்டரைப் பார்க்காமல் திரும்பினார்.

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தார். “நான் போட்டது சட்டமில்ல, மண்டத்தரம், சுத்த முட்டாத்தனம். கூடுதல் எரிக்கவன் கூடுதல் குறைக்கட்டு. லீலாவுக்க வீட்ட விட்டுரணும்.”

தலைவர் சொன்னார்: “அது நடக்கில்ல சாரே. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான் ஆக்கும். பின்ன எனக்க மாடியில சோலார் உண்டு. நான் எரிக்கது எனக்க சொந்தக் கரண்ட்.”

“ராத்திரி ஏழு மணிக்கு உனக்க மாடியில மட்டும் சூரியன் நிக்குதாலே?”

எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது சாரின் பக்கம் ஒரு கையும் எழவில்லை. சார் கடைசியாக ஒன்று கேட்டார். “செரி. எனக்க வீட்ட முழுசா அணைக்கேன். அதை அவளுக்க கணக்குல சேருங்க.” அப்படிச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். சட்டத்தை எழுதியவரிடமே சொன்னார்கள்.

அன்று மாலை சார் தன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். “மக்கா, ஃபேனைப் போடு.”

“பேரு குழுவுல வரும் சாரே. நாலு பேருக்க முகத்துல எப்படி முழிக்க?”

“வரட்டு. நீ எனக்க வீட்டப் பாரு, அவிஞ்சு கெடக்கு. உனக்குள்ளதை நான் குறைச்சாச்சு.”

லீலா இருண்ட வீட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு ஃபேனைப் போட்டாள்.

மாதக் கடைசியில் சட்டத்தை மீறியவர் பட்டியலில் லீலாவின் பெயர் மட்டும் வந்தது. ஊரிலேயே அதிகம் குறைத்தவர் என்று சாருக்குத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். சார் மைக்கைப் பிடித்து, “இந்தத் துணியைக் கொண்டு போய் லீலாவுக்க…” என்று தொடங்கியதும் யாரோ மைக்கை அணைத்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. கூட்டம் பலமாகக் கைதட்டியது. இருட்டு வீட்டில் இருக்க முடியாமல் சாரின் மனைவி, கோடை முடியட்டும் என்று கள்ளிக்காட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மாலை அந்த வழியாக நடந்தேன். சார் இருட்டில், வாசல்படியில் தனியாக இருந்தார். முகம் தெரியட்டும் என்று போனில் விளக்கைப் போட்டேன்.

“எலே, அதை அணை.”

“கொசு கடிக்கல்லியா சாரே?”

“கடிக்குது. நீ சத்தம் காட்டாத. ஃபேன் ஓடுதான்னு கேக்கணும்.”

தலைவர் வீட்டு மூன்று ஏசிகளின் இரைச்சலுக்கு அடியில், தகரக் கூரைக்குள்ளிருந்து அந்த ஃபேனின் சத்தம் மெல்லக் கேட்டது. நான் போனை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.